எந்த பிலிம் வாங்கட்டும்?

26 பிப்ரவரி 2024, திங்கள்

தண்ணீர் மோட்டார் மறுபடியும் மக்கர். மெக்கானிக் பன்னிரண்டு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு நான்கு மணிக்கு வந்தான். அதற்குள் நாகூரிலிருந்து கபீர் நானாவின் போன் வந்துவிட்டது. நானா என்றால் அவர்கள் வழக்கில் அண்ணன். வயது எழுபத்தெட்டு. குரல் மட்டும் இன்னும் கப்பல் தளத்தில் நின்று கரையில் இருப்பவனைக் கூப்பிடுகிற குரல்தான்.

“பக்கிரி, ஒரு நல்ல சேதி. அந்த சூப்பர் எய்ட் கேமராவுக்குப் பிலிம் இன்னும் செய்யிறாங்களாம். பேரன் ரயான் சிங்கப்பூர்ல கடையில பாத்துட்டு வந்து சொல்றான். அஞ்சு தினுசு ஈக்காம். எந்த பிலிம் வாங்கட்டும்னு கேக்குறான். நீ சொன்னாத்தான் சரியா ஈக்கும்.”

“இப்ப எதுக்கு நானா அதெல்லாம்?”

“எதுக்கா? எழுவத்தொம்பதுல நான் தொலச்சுப்போட்டு வந்தேனே, அதுக்கு. போனது போனதுதான். பதிலுக்கு ஒரு பிலிமாச்சும் தங்கச்சி கையில குடுத்து, பொறுத்துக்கம்மான்னு கேட்டுட்டுத்தான் நான் ஹஜ்ஜுக்குப் பொறப்படணும்.”

தங்கச்சி என்று அவர் சொல்வது என் அக்கா தையல்நாயகியை. அக்காவுக்கும் எனக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. அவள் கபீர் நானாவோடு பேசி நாற்பத்துநான்கு வருஷம் ஆகிறது. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படும் முன்னால் யார் யாருக்கு என்ன குறை வைத்தோமோ, அவரவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுப் பயணம் சொல்லிவிட்டு வருவார்கள். நானா எல்லாரிடமும் கேட்டுவிட்டாராம். பாக்கி ஒருத்தி. மே மாதம் விமானம்.

பார்த்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். யார் என்று அக்கா கேட்டாள். கேஸ் ஏஜென்சி என்றேன்.

28 பிப்ரவரி, புதன்

பரணிலிருந்து கேமராவை இறக்கினேன். எழுபத்தேழில் நானா சிங்கப்பூரிலிருந்து எனக்கு வாங்கிவந்து கொடுத்தது. அப்போது நான் நாகை துறைமுக ஆபீசில் புது கிளார்க். தெருவில் சினிமாக் கேமரா வைத்திருந்த ஒரே ஆள் நான்தான் என்பதில் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது.

பேட்டரி வைக்கும் இடத்தில் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. எலுமிச்சைச் சாறும் பழைய டூத் பிரஷும் வைத்துத் தேய்த்தேன். லென்சில் லேசாகப் பூஞ்சை. நான்கு புது பேட்டரி போட்டுப் பொத்தானை அழுத்தினால் ஓடுகிறது. ஓடாது என்றுதான் எதிர்பார்த்தேன். ஓடாமல் இருந்திருந்தால் நானாவிடம் சொல்ல ஒரு பதில் கிடைத்திருக்கும்.

அடுப்படியிலிருந்து அக்கா, “என்னாடா சத்தம்?” என்றாள். உடனே பேட்டரியைக் கழற்றிவிட்டேன்.

2 மார்ச், சனி

ரயான் ஐந்து டப்பாவையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன்.

முதலாவது பகல் பிலிம், வேகம் ஐம்பது. வெயில் இருந்தால் அற்புதம், வீட்டுக்குள்ளே எடுத்தால் இருட்டு. இரண்டாவது இருநூறு, பல்பு வெளிச்சத்துக்கானது. பகலில் எடுக்க முன்னால் ஒரு வடிகட்டிக் கண்ணாடி வேண்டும், அது என் கேமராவில் இருக்கிறது, ஆனால் கறை. மூன்றாவது ஐந்நூறு. அவ்வளவு வேகம் என் கேமராவுக்குப் புரியாது. டப்பாவின் ஓரத்தில் இருக்கும் வெட்டைத் தொட்டுத்தான் இந்தக் கேமரா பிலிமின் வேகத்தைத் தெரிந்துகொள்ளும். அதற்குத் தெரிந்ததெல்லாம் நாற்பதும் நூற்றறுபதும்தான். நான்காவது கறுப்பு வெள்ளை. சுபகாரியத்துக்குக் கறுப்பு வெள்ளையா என்று அக்கா கேட்பாள். ஐந்தாவது ரிவர்சல். கழுவினால் அந்தப் பிலிமே படமாகிவிடும், நெகட்டிவ் என்று ஒன்று கிடையாது. போனால் போனதுதான்.

ஆக, எதுவும் சரிப்படாது. நானாவுக்கு இப்படியே எழுதி அனுப்பினேன்.

சாயங்காலம் பதில் வந்தது: “அப்ப அஞ்சையும் வாங்கவா?”

இந்த மனுஷனை என்ன செய்வது.

5 மார்ச், செவ்வாய்

பூங்கொடி திருவாரூரிலிருந்து கூப்பிட்டாள். அக்காவின் ஒரே மகள். அப்பா போகும்போது கைக்குழந்தை, இப்போது அவளே பாட்டியாகப் போகிறாள். மகள் இலக்கியாவுக்கு ஏப்ரல் 21 ஞாயிறு வளைகாப்பு. அக்காவால் பஸ்ஸில் வர முடியாது என்பதால் எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறாள்.

“மாமா, கபீர் மாமா போன் பண்ணாங்க. அப்பாவ எடுத்த அதே மிஷின்ல என் பொண்ணையும் எடுக்கப் போறீங்களாமே!”

“உங்கிட்டயும் சொல்லிட்டாரா?”

“சொல்லிட்டு அழுவுறாங்க மாமா. பாவம், அந்தக் காலத்துல ஊருக்காக நாப்பது பொட்டலம் சிங்கப்பூருக்குச் சொமந்துட்டுப் போன மனுசன், அதுல ஒண்ணு தவறிப்போச்சு. அதுக்கா இம்புட்டு வருசம்? அம்மாகிட்ட நான் பேசவா?”

வேண்டாம், நானே பேசுகிறேன் என்றேன். போனை வைக்கும் முன் அவள் சொன்னதை எழுதிவைக்கிறேன். “எங்கிட்ட அப்பான்னு இருக்கறது அந்த பாஸ்போர்ட் போட்டோ ஒண்ணுதான் மாமா. முறைச்சுக்கிட்டு இருக்கும். அப்பா சிரிச்சா எப்படி இருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது.”

ரேஷன் கடையில் பாமாயில் வரவில்லை. நாளை போகவேண்டும்.

9 மார்ச், சனி

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. கொத்தவரங்காய்.

12 மார்ச், செவ்வாய்

நோன்பு தொடங்கிவிட்டது. முன்பெல்லாம் நானா வீட்டிலிருந்து முதல் நாள் கஞ்சி எங்களுக்குத்தான் வரும். அவர் மனைவி சுலைஹா ஆச்சி தூக்குவாளியில் கொடுத்தனுப்புவார். எண்பதாம் வருஷ நோன்பில் வந்த தூக்கை அக்கா மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பி அனுப்பினாள். அதற்கப்புறம் வரவில்லை. சுலைஹா ஆச்சி இறந்தபோதும் அக்கா போகவில்லை. நான் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஊரில் என்னை உத்தமன் என்பார்கள். விதவை அக்காவுக்காகக் கல்யாணமே செய்துகொள்ளாதவன், மருமகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தவன். அதெல்லாம் ஒன்றும் இல்லை. எனக்கு ஜாதகம் சரியாக அமையவில்லை, அவ்வளவுதான்.

எழுத வந்தது இது இல்லை. எழுத வந்ததை எழுதிவிடுகிறேன். கபீர் நானா எதையும் தொலைக்கவில்லை.

14 மார்ச், வியாழன்

முந்தாநாள் அந்த ஒரு வரியை எழுதிவிட்டு நோட்டை மூடிவிட்டேன். இரண்டு நாளாக அந்தப் பக்கம் போகவில்லை. இன்று அக்கா கண் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துவீட்டுக்காரியோடு போயிருக்கிறாள். வீட்டில் யாரும் இல்லை.

ஏப்ரல் 1979. அத்தான் சிவக்கொழுந்து துபாய்க்குப் புறப்பட நான்கு நாள் இருந்தது. வெல்டர். நான்கு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். அத்தான், அக்கா, எட்டு மாதக் குழந்தை, நான். கேமராவை எடுத்துக்கொள் என்று அக்காதான் சொன்னாள்.

என்னிடம் ஒரே ஒரு பிலிம் டப்பா மிச்சம் இருந்தது. அதை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுக் காலிக் கேமராவோடு போனேன். அடுத்த மாதம் நாகூர் கந்தூரி. ஊர்வலம் பார்க்க ஒரு சினிமா நடிகை வரப்போகிறாள் என்று ஆபீஸ் முழுக்க ஒரே பேச்சு. அத்தான் வருஷா வருஷம் லீவில் வருவார், நடிகை ஒரு தடவைதான் வருவாள் என்று நினைத்தேன். பிலிம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். பீரோவில் இருக்கிறதே என்பாள். அதனால் கண்ணை வைத்துப் பொத்தானை அழுத்தினேன். காலியாக இருந்தாலும் மோட்டார் ஓடும். சத்தம் மட்டும் கொஞ்சம் லேசாகக் கேட்கும்.

அத்தான் ஆடினார். அந்த மனிதர், குழந்தையைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு, கேமராவுக்காக ஆடினார். ஒரு டப்பா ஓடுகிற நேரம் மூன்று நிமிஷம் இருபது விநாடி. சந்தேகம் வரக்கூடாது என்று அவ்வளவு நேரமும் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தேன். எப்படி ஆடினார் என்பதை இங்கே எழுதவேண்டியதில்லை.

நடிகை வரவில்லை. ராத்திரி ஊர்வலத்தைப் பகல் பிலிமில் எடுத்தேன். பின்னால் வேறொருவர் மூலம் பம்பாயில் கழுவி வந்தபோது முழுக்க இருட்டு, நடுவில் நாலைந்து பல்பு.

ஆகஸ்டில் துபாயில் சாரம் சரிந்து அத்தான் போய்விட்டார். உடம்புகூட வரவில்லை. காரியம் முடிந்த மறுநாள் அக்கா என்னிடம் கேட்ட முதல் வார்த்தை, “பக்கிரி, அந்தப் படம்?”

அந்த நேரத்துக்கு அவளைத் தேற்றினால் போதும் என்று நினைத்தேன். “கபீர் நானாகிட்டக் குடுத்துவுட்டேன்க்கா. சிங்கப்பூர்ல கழுவிட்டு வந்துடுவாரு.” நானா ஜூன் மாதமே கப்பல் ஏறியிருந்தார்.

நவம்பரில் அவர் திரும்பிய அன்றைக்கே அக்கா அவர் வாசலில் போய் நின்றாள். நான் அவள் பின்னால். நானா என்னைப் பார்த்து, “எங்கிட்டயா குடுத்தே?” என்றார். இப்போதாவது சொல்லியிருக்கலாம். “நீங்க குளிச்சுக்கிட்டு இருந்தீங்க நானா. கூடத்துல அப்பளப் பொட்டலங்களோட வெச்சிட்டுப் போனேன்” என்றேன். சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறுகிறவர் வீட்டுக் கூடத்தில் முதல் நாள் தெருவே வந்து பொட்டலம் வைத்துவிட்டுப் போகும். நாற்பது இருக்கும், ஐம்பது இருக்கும். எதை யார் வைத்தார் என்று யாருக்குத் தெரியும்? அவர் நம்பினார். என்னை நம்பித் தன்னைச் சந்தேகப்பட்டார்.

“எம் புருசன நீங்க ரெண்டாந்தடவ கொன்னுட்டீங்க” என்று அக்கா சொன்னாள். அவரைப் பார்த்து. என்னைப் பார்த்து அல்ல.

ஆட்டோ சத்தம் கேட்கிறது.

18 மார்ச், திங்கள்

சொல்லிவிடுவது என்று நாகூர் போனேன். சாயங்கால அஸர் தொழுகை முடிந்து நானா வாசல் அறையில் உட்கார்ந்திருந்தார். நோன்பு வாட்டம், உதடெல்லாம் காய்ந்திருந்தது. ஆனாலும் பிலிம் பேச்சை எடுத்ததும் முகத்தில் களை வந்துவிட்டது. ரயான் அனுப்பிய படங்களைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து வைத்திருக்கிறார்.

“நீ சொன்னத எல்லாம் யோசிச்சேன். வளகாப்பு வூட்டுக்குள்ளயா, வெளியிலயா? வூட்டுக்குள்ளன்னா இருநூறு வாங்குவோம். முத்தத்துலன்னா அம்பது. செரிதானே?”

“விமானத்துல எக்ஸ்ரேயில போட்டா பிலிம் கெட்டுப்போயிடும் நானா.”

“கையில எடுத்துக் காட்டுனா எக்ஸ்ரேல போடாம உடுவாங்களாம். ரயான்ட்ட கேட்டுட்டேன்.”

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறார்.

பிறகு அவராகவே சொன்னார். அடுத்த தடவை சிங்கப்பூர் போனபோது, தான் பொட்டலம் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் போய், அப்பளத்தோடு ஒரு சின்ன டப்பா வந்ததா என்று கேட்டாராம். நாற்பது வீடு. கழுவும் கடைகளிலும் கேட்டாராம். “வாப்பாதான் சொன்னாங்க, அது அமானிதம்டா, ஒருத்தர் நம்பிக் குடுத்த பொருளு, மேல போனா ஆண்டவன் கேப்பான்னு. அதோட நான் யாரு பொட்டலத்தையும் தொடல. என் பெட்டி மட்டும் எடுத்துட்டு ஏறுவேன். ஊரே பேசுச்சு, கபீருக்குத் தல கனம்னு.”

நான் தலையை ஆட்டினேன். டவுன் பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன். சொல்லவில்லை.

மருந்துக்கடையில் பிரஷர் மாத்திரை ஒரு அட்டை வாங்கினேன்.

23 மார்ச், சனி

நானாவின் செய்தி: “ரயான் 6ந் தேதி பெருநாளுக்கு வாரான். 31க்குள்ள வாங்கணும். எந்த பிலிம்?”

காலையில் ஓட்டு கேட்டு ஒரு கூட்டம் வந்தது. எல்லாருக்கும் உங்களுக்குத்தான் என்றேன். எனக்குப் பொய் சொல்வதில் சிரமமே இல்லை என்பதை அப்போது கவனித்தேன்.

யோசித்துப் பார்க்கிறேன். நான் வாய் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும்? நானா பிலிமோடு வருவார். பூங்கொடி அழுது அக்காவை இளகவைப்பாள். செய்யாத தப்புக்கு அவர் மன்னிப்புக் கேட்பார், அக்கா பெரிய மனசு பண்ணிக் கொடுப்பாள். எல்லாருக்கும் நிம்மதி. நான் கேமராவைப் பிடித்துக்கொண்டு அதைப் படம் எடுத்துக்கொண்டிருப்பேன்.

மத்தியானச் சாப்பாட்டை அப்படியே மூடிவைத்தேன். காலையில் சாப்பிட்ட உப்புமா சரியில்லை என்று அக்காவிடம் சொன்னேன்.

25 மார்ச், திங்கள்

சொன்னேன்.

நாகூரில் நானா வீட்டு வாசல் அறையில் அவர் நாற்காலி, எதிரே என் நாற்காலி. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். பீரோ, கந்தூரி, காலிக் கேமரா, அப்பளப் பொட்டலம் எல்லாவற்றையும்.

“அப்ப எங்கிட்ட நீ எதையும் குடுக்கலியா?”

“இல்ல நானா.”

“கூடத்துல வைக்கலியா?”

“வைக்கல.”

“டப்பான்னு ஒண்ணு இல்லவே இல்லியா?”

“இல்ல நானா.”

கொஞ்ச நேரம் தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “வாப்பா மவுத்தாவுற வரைக்கும் எங்கிட்ட ஒரு கடுதாசியக்கூட நம்பிக் குடுத்துவுடல, தெரியுமா? தம்பிட்டதான் குடுப்பாங்க. நான் பக்கத்துலயே நிப்பேன். அவங்களுக்கு இப்ப யாரு போயி சொல்றது?”

நான் அவர் காலைத் தொடப் போனேன். காலை இழுத்துக்கொண்டார்.

“ஹஜ்ஜுக்குப் போறவன் மத்தவங்கள்ட்ட கேக்கவும் கேக்கணும், மன்னிக்கவும் மன்னிக்கணும். எனக்கு இப்ப வரல பக்கிரி. எந்திரிச்சுப் போ.”

வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது. “தங்கச்சிட்ட நீயேதான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன். அது ஒன் வேல.”

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று எங்கெங்கோ படித்திருக்கிறேன். எனக்கு அப்படி ஒன்றும் இறங்கவில்லை.

26 மார்ச், செவ்வாய்

காலையில் அக்கா முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். கையில் வேலை இருந்தால் சொல்வது சுலபம் என்று நினைத்தேன். சுலபமாக இல்லை. நானாவிடம் சொன்னதுபோல வரிசையாக வரவில்லை, பின்னால் இருப்பதை முன்னாலும் முன்னால் இருப்பதைப் பின்னாலும் சொன்னேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அறைவாள் என்றும் எதிர்பார்த்தேன். அவள் கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். முழுக் கட்டும் தீர்ந்தது.

“கஞ்சித் தூக்கத் திருப்பி அனுப்புனேனே” என்றாள்.

நான் உருவிய காம்புகளைப் பொறுக்கினேன்.

“சுலைஹா நாலு தடவ வாசல்ல வந்து நின்னுச்சு. கதவச் சாத்துனேன். அது செத்ததுக்கும் போவல. பூங்கொடி கல்யாணப் பத்திரிகை வெச்சப்ப அவங்க வூட்ட மட்டும் வுடுன்னு நாந்தான் சொன்னேன். சந்தையில எதிர்ல வந்தா அந்த மனுசன் ஒதுங்கி நிப்பாரு, நான் தல நிமிந்துட்டுப் போவேன். நாயம் எம்பக்கம்னு போவேன்.” முறத்தைக் கீழே வைத்தாள். “நீ செஞ்சது ஒனக்குத் தெரியும், நீ வெச்சுக்கிட்டு இருந்தே. என்னையும்ல பாவம் செய்ய வெச்சிட்டே. சுலைஹாவ நான் எங்கடா போயித் தேடுவேன்?”

படத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்பத்துநான்கு வருஷமாக அவள் படத்துக்காகத்தான் வருந்துவாள் என்று நினைத்திருந்தேன்.

மூன்று மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். ஆட்டோ கூப்பிடு என்றாள். நானும் வருகிறேன் என்றதற்கு, “அன்னிக்கு எம்பின்னால நீ வந்த வரைக்கும் போதும்” என்றாள். கண் சரியாகத் தெரியாதவள், தனியாகப் போனாள்.

ஏழு மணிக்கு ரயானின் சித்தப்பா பைக்கில் கொண்டுவந்து விட்டார். கையில் ஒரு தூக்குவாளி. இரண்டு டம்ளரில் கஞ்சி ஊற்றி, ஒன்றை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுத் தன்னுடையதை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அங்கே என்ன பேசினார்கள் என்று தெரியாது. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

27 மார்ச், புதன்

அக்கா பேசவில்லை. சோறு வைத்து மூடியிருந்தது.

28 மார்ச், வியாழன்

பேசவில்லை. பாமாயில் வந்துவிட்டது.

30 மார்ச், சனி

பூங்கொடி போனில் அழுதாள். அக்கா சொல்லியிருக்கிறாள். “ஏன் மாமா?” என்று மட்டும் கேட்டாள், வேறொன்றும் கேட்கவில்லை. எனக்கு அவள் மாதிரிப் பிள்ளை பிறந்திருக்காது. சொல்லப்போனால் ஜாதகம் இரண்டு தடவை பொருந்தித்தான் வந்தது. நான்தான் வேண்டாம் என்றேன்.

மத்தியானம் நானாவுக்கு எழுதினேன்: “பகல் பிலிம், ஐம்பது. இரண்டு டப்பா. வளைகாப்பு முற்றத்தில் வைக்கலாம், பத்து மணி வெயில் நன்றாக இருக்கும். கேமரா அதை நாற்பது என்று எடுத்துக்கொள்ளும், ஒன்றும் கெடாது.” ஒரு மாதமாக ஐந்தையும் புரட்டிப் பார்த்து நான் தேடியது பிலிமை இல்லை. எது சரி என்று முதல் நாளே எனக்குத் தெரியும்.

அரை மணி கழித்துப் பதில்: “சரி. நான் எடுக்குறேன். கேமராவ ரயான்ட்ட குடுத்துவுடு.”

நீ எடு என்று சொல்லவில்லை. அது நியாயம்தான்.

2 ஏப்ரல், செவ்வாய்

லென்சைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். பேட்டரி தனியாக. எப்படிப் போடுவது, எங்கே அழுத்துவது என்று ஒரு தாளில் எழுதி வைத்தேன். அக்கா பேசவில்லை.

5 ஏப்ரல், வெள்ளி

இன்று பேசினாள். பதினோரு மணி இருக்கும். வளைகாப்புக்குச் செய்யவேண்டிய சித்ரான்னங்களை நான் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு அவரு ஆடுனாருல்ல.”

“ஆமாக்கா.”

“நான் பாக்கலடா. வெக்கமா இருந்துச்சு. கடக்கரையில அத்தன பேரு இருக்காங்க, இந்த மனுசன் இப்புடிப் பண்றாரேன்னு முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு அந்தாண்ட திரும்பி நின்னுட்டேன். படத்துலதான் வரப்போவுதே, வூட்டுல தனியா பாத்துக்குவோம்னு.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “நீ கண்ணாடி வழியா பாத்துக்கிட்டு இருந்தேல்ல? நீயாச்சும் சொல்லு. பூங்கொடிக்கும் சொல்லலாம். மொதல்லேருந்து சொல்லு.”

சொன்னேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார் என்றேன். குழந்தை அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டது என்றேன். இடது காலைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினார்.

“அப்பறம்?”

எனக்கு வார்த்தைக்குப் பஞ்சம் இல்லை. இடுப்பில் கை வைத்தார், அலையில் கால் நனைந்து குதித்தார், உன்னைக் கூப்பிட்டார், சிரித்தார் என்று மூன்று நிமிஷம் இருபது விநாடிக்கும் சொல்லிக்கொண்டே போகலாம். அவள் நம்புவாள். அவள் முகத்தில் வந்திருந்த ஆசையைப் பார்த்தபோது சொல்லிவிடத்தான் வாய் வந்தது.

“அதுக்கப்பறம் தெரியலக்கா. நானும் பாக்கல.”

“கண்ண வெச்சுக்கிட்டுத்தானே இருந்தே?”

“வெச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். காலி மிஷின் சத்தம் ஒனக்குக் கேட்டுடுமோ, கண்டுபிடிச்சிடுவியோன்னு ஒன்னையே கவனிக்க கேமராவ ஒம்பக்கமே திருப்பி வெச்சுக்கிட்டு நின்னேன். ஒன் முதுகத்தான் பாத்தேன்.”

அக்கா என் பேனாவை எடுத்து மூடி போட்டாள். மறுபடி திறந்தாள். வெகுநேரம் அப்படியே செய்துகொண்டிருந்தாள்.

“அப்ப அவர யாருமே பாக்கலியாடா?” என்று கேட்டாள்.